ஒன்றாம் பாகம் திண்டுக்கல்லில், இரண்டாம் பாகம் பழனியில்

அன்புள்ள அண்ணனுக்கு,

இன்று காலை இரண்டாவது ஈடு இட்லியை இறக்கிக்கொண்டிருந்தேன். கடை வாசலில் நீல வண்டி ஒன்று வந்து நின்றது. காக்கிச் சட்டைக்கார டிரைவர் இறங்கி டீ கேட்டார். வண்டிக்குள் என்ன என்று விசாரித்தேன். "நூலக வண்டிம்மா. ஊர் ஊராப் புத்தகம் கொண்டு போறோம்" என்றார். எனக்கு அதற்குமேல் கை ஓடவில்லை. அடுப்பை அப்படியே விட்டுவிட்டு, பின் கதவைத் திறக்கச் சொல்லி, தலையை உள்ளே நீட்டி மூச்சை நன்றாக இழுத்தேன். பசை வாசனையும் புதுக் காகித வாசனையும் வந்தன. அதைத் தாண்டி ஒன்றுமில்லை.

"என்னம்மா மோந்து பாக்குறீங்க? உள்ள கருவாடா வச்சிருக்கேன்?" என்று டிரைவர் சிரித்தார்.

"இல்ல தம்பி. இதெல்லாம் இன்னும் எங்கயும் போயிட்டு வராத புத்தகம். அதான் வாசனை இல்ல" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, டீயை அவசரமாகக் குடித்துக் கிளம்பிவிட்டார்.

நம்முடைய புத்தகங்கள் அப்படியா இருந்தன? பழனியிலிருந்து வந்ததில் பஞ்சாமிர்த வாசனை இருக்கும். சாணார்பட்டியிலிருந்து மாம்பழக் கூடையோடு வந்தது மாம்பழமாகவே மணக்கும். குஜிலியம்பாறைப் புத்தகத்தைத் தொட்டால் விரலில் புளி ஒட்டும். நீங்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாக மூக்கில் வைத்துப் பார்ப்பீர்கள். "அண்ணே, படிக்கப் போறீங்களா, தாளிக்கப் போறீங்களா?" என்று நான் கேட்பேன். காது மடல் மட்டும் சிவக்கும். அதைப் பார்ப்பதற்காகவே தினம் ஒன்று கேட்டேன் என்பதை இப்போது சொல்லிவிடுகிறேன். இனிமேல் என்னைத் திட்டவா போகிறீர்கள்?

ஊரெல்லாம் உங்களைப் பாய் என்றது. நான் அண்ணே என்றேன். தோல் மண்டிக் குடும்பத்தில் பிறந்துவிட்டு, வியாபாரத்தைத் தம்பிகளிடம் விட்டுவிட்டு, கடைவீதி மாடியில் இருந்த வாசகசாலையைக் கட்டிக்கொண்டு அழுதவர் நீங்கள். நானோ மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். நமக்குள் என்ன பேச்சு இருந்திருக்க முடியும்? டீதான். பத்து மணிக்குக் குடையோடு வருவீர்கள், வெயிலானாலும் மழையானாலும். ஒரு டீ, ஒரு பெருமூச்சு.

அந்தப் பெருமூச்சுக்குக் காரணம் கேட்ட அன்றைக்குத்தான் எல்லாம் தொடங்கியது.

"ஒரு பெரியவர் இருந்தாரு தங்கச்சி, புகையிலை வியாபாரி. அலமாரி அலமாரியாப் புத்தகம் சேத்து வச்சிருந்தாரு. அவர் மௌத்தானதும் ரெண்டு மகன்களும் சொத்துப் பிரிச்சாங்க. புத்தகத்தையும் பிரிச்சாங்க. எப்படின்னு நினைக்கிற? உனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு, உனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணுன்னு, அடுக்கியிருந்த வரிசைக்கே!"

மூத்தவர் பழனியில் விடுதி வைத்திருந்தார். தன் பங்கை அந்த ஊர் வாசகசாலைக்குக் கொடுத்தார். இளையவர் திண்டுக்கல்லில் இருந்தார். தன் பங்கை உங்களிடம் கொடுத்தார். ஆறு பாகம் உள்ள ஒரு பெரிய ராஜா ராணிக் கதையில் ஒன்று, மூன்று, ஐந்து உங்களிடம் வந்துவிட்டன. இரண்டு, நான்கு, ஆறு பழனியில். அகராதியும் அப்படியே. உயிரெழுத்துச் சொற்களெல்லாம் திண்டுக்கல்லில், ககரம் தொடங்கி மிச்சமெல்லாம் பழனியில்.

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அப்ப அம்மாவுக்கு இங்க அர்த்தம் பாக்கலாம், கணவனுக்குப் பாக்கணும்னா பழனிக்குப் பஸ் ஏறணுமா? நல்லதுதாண்ணே, கணவனுக்கு அர்த்தம் தேடி அம்புட்டுத் தூரம் எவ போவா?"

நீங்கள் சிரிக்கவில்லை. கதையின் முதல் பாகத்தைப் படித்தவர்கள் மாடிப்படி ஏறி வந்து இரண்டாம் பாகம் கேட்கிறார்களாம். இல்லை என்றதும், உயிர் போன வீட்டில் நிற்பது போல் செத்த நேரம் நின்றுவிட்டுப் போகிறார்களாம். "ஒரு ஆளை அரைக் கிணத்துல இறக்கிட்டுக் கயித்தை எடுத்துட்டுப் போற மாதிரி இருக்கு" என்றீர்கள்.

"இதுக்கா இந்தப் பாடு? பழனி பஸ்ஸு எங்க நிக்குது? என் கடை வாசல்ல. கண்டக்டர் மாரிமுத்து யாரு வடையில உசுரு வாழ்றான்? என் வடையில. ஒரு மஞ்சப் பையைக் கொடுங்க, போகுதா இல்லையான்னு பாப்போம்."

புத்தகம் ஊர் விட்டு ஊர் போகும் வழி இப்படித்தான் அமைந்தது. பின்னாளில் யார் யாரோ அதைத் திட்டம் என்றும் ஏற்பாடு என்றும் சொன்னார்கள். நமக்கு அது ஒரு மஞ்சள் பை, இரண்டு வடை.

பழனி வாசகசாலைக்காரரைச் சம்மதிக்க வைத்ததுதான் பெரும்பாடு. முறுக்கிய மீசையும் இஸ்திரி போட்ட வேட்டியுமாக, சிரித்தால் மடிப்புக் கலைந்துவிடும் என்பது போல் இருப்பார். தன் முதலாளியான விடுதிக்கார மூத்தவர் கொடுத்த புத்தகங்களுக்குக் காவல்காரர் அவர். பங்கு பிரித்த அண்ணனும் தம்பியும் முகம் பார்த்துப் பேசாத காலம். நம் கடைப் பலகையில் உட்கார்ந்து நிபந்தனை சொன்னார்:

"நாங்க கொடுக்கிறோமுங்க. கொடுக்கிறது தர்மம். ஆனா உங்க பங்குல ஒரு காகிதங்கூட நாங்க வாங்க மாட்டோமுங்க. அது எங்க முதலாளிக்கு மானக்குறைவு. இன்னொண்ணுங்க. எங்க புத்தகம் ஒண்ணே ஒண்ணு தொலைஞ்சாலும், உங்ககிட்ட இருக்கிற பங்கு மொத்தமும் பழனிக்கு வந்துறணும். சம்மதமுங்களா?"

நீங்கள் சம்மதம் என்று சொல்லிவிட்டீர்கள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் போனதும், "அண்ணே, மாடியில இருக்கிற அலமாரியெல்லாம் போயிட்டா நீங்க அங்க உக்காந்து எதைப் பாப்பீங்க, பல்லியையா?" என்று கேட்டேன்.

"தொலையாது தங்கச்சி. உன் கடையை நம்பித்தான சொன்னேன்" என்றீர்கள். அன்றைக்கு டீக்குக் காசு வாங்கவில்லை நான். என் வாழ்க்கையில் அப்படி நடந்தது கொஞ்சம்.

அதிலிருந்து ஒவ்வொரு புத்தகத்தின் அட்டைக்குள்ளும் ஒரு சீட்டு ஒட்டினீர்கள்: 'கண்டெடுத்தால் திண்டுக்கல் பஸ் நிலைய இட்லிக் கடையில் கொடுக்கவும்.' கட்டிய புருஷன்கூட எனக்கு ஒரு கடிதம் போட்டதில்லை. நீங்கள் என்னை விலாசமாகவே ஆக்கிவிட்டீர்கள்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போனது, பங்குனி உத்திரம் வரும்வரை. அந்த நாளில் பழனி பஸ் எப்படி வரும் என்று உங்களுக்குத் தெரியாதா? உள்ளே மொட்டைத் தலை, கூரைமேல் காவடி. ஒவ்வொருவர் கையிலும் ஒரு மஞ்சள் பை. இத்தனை நாளும் நம் இரண்டு பேர் மூளைக்கும் இது எட்டவில்லை பாருங்கள்! பழனிக்குப் போய் வரும் பையை மஞ்சள் துணியில் தைத்த புத்திசாலிகள் உலகத்தில் நாம் இரண்டு பேர்தான்.

மாரிமுத்து பையைக் கொண்டு வந்து வைத்தான். கதையின் ஆறாம் பாகம், கடைசிப் பாகம், வர வேண்டிய நாள் அது. நீங்கள் குடையை மடக்காமலே பையைப் பிரித்தீர்கள். உள்ளே ஒரு பஞ்சாமிர்த டப்பா, திருநீற்றுப் பொட்டலம், ஒரு சின்னப் பிள்ளைச் சட்டை, ஆள் விரல் நீளத்துக்கு ஒரு இரும்புச் சாவி.

"யா அல்லா" என்று பலகையில் உட்கார்ந்துவிட்டீர்கள். அந்த நிலையிலும் ஒன்று செய்தீர்கள், அது எனக்கு மறக்கவே இல்லை. பையைத் தரையில் வைக்கப் போன மாரிமுத்துவை அதட்டினீர்கள்: "ஏலே, சாமி பிரசாதம்ல இருக்கு? மேல மாட்டுறா." அவன் ஆணியில் மாட்டினான். பிறகுதான் மறுபடி இடிந்துபோய் உட்கார்ந்தீர்கள்.

"போச்சு தங்கச்சி. அலமாரி மொத்தமும் போச்சு. வாக்குக் கொடுத்திருக்கேன்."

"என்ன போச்சு? சாவி நம்மகிட்ட இருக்கு. வீட்டைப் பூட்டிட்டுச் சாவியை விட்டவன் எங்க போவான்? பொழுது சாயுறதுக்குள்ள ஓடி வருவான் பாருங்க. உக்காந்து ஒரு வடை தின்னுங்க."

யாரும் வரவில்லை. மறுநாளும் நீங்கள் கடையிலேயே உட்கார்ந்திருந்தீர்கள். இறங்குகிற ஒவ்வொரு மொட்டைத் தலையையும் எழுந்து எழுந்து பார்த்தீர்கள். "அண்ணே, இப்படிப் பாத்தா முடி வெட்டுற கடைக்கு ஆள் பிடிக்கிறீங்கன்னு நினைப்பாங்க. அதுவும் மொட்டையைப் போயி" என்று சொல்லிப் பார்த்தேன். காது சிவக்கவில்லை. எனக்கே பயம் வந்துவிட்டது. வெளியே சிரித்துக்கொண்டு, உள்ளே அந்தோணியாருக்கு மெழுகுவத்தி நேர்ந்துகொண்டேன்.

இதற்குள் மாரிமுத்துவின் வாய் பஸ்ஸைவிட வேகமாகப் பழனிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அடுத்த நாள் உச்சி நேரத்தில் பழனிக்காரர் இஸ்திரி மடிப்புக் கலையாமல் வந்து இறங்கினார்.

"ஏனுங்க, புத்தகம் எங்கீங்க?"

நீங்கள் வாய் திறப்பதற்குள், வேர்க்க விறுவிறுக்க ஒரு மொட்டைத் தலை கடைக்குள் நுழைந்தது. "சீட்டுல போட்டிருந்த இட்லிக் கடை இதுதானே? சாவி இருக்குதா ஆத்தா?"

எனக்கு உயிர் வந்தது. குஜிலியம்பாறைக்குப் பக்கத்து ஊர், பேர் கருப்பணன் என்றார். பேரப்பிள்ளைக்கு முடி இறக்கப் பழனிக்குப் போய்விட்டு வந்தவர். ஆணியிலிருந்து சாவியை எடுத்தேன், ஆனால் கொடுக்கவில்லை.

"புத்தகம் எங்கண்ணே?"

அவர் தலையைத் தடவினார். "அது ஊர்ல இருக்கு."

"ஊர்ல இருக்கா? ரெண்டு நாளா வீட்டுக்கு வெளியில கிடக்குறீங்க, வரும்போது கையில எடுத்துட்டு வர வேண்டியதுதானே?"

"எப்படி ஆத்தா எடுத்துட்டு வாரது? வீடு பூட்டிக் கிடக்கேன்னு மாட்டுக் கொட்டத்துல படுத்தோம். என் மருமக செல்லம்மா எட்டாவது படிச்சவ. பொழுது போகலன்னு பையில இருந்த புத்தகத்தைப் பிரிச்சு வாசிச்சா. பக்கத்து வீட்டுக்காரவுக வந்தாக. அவுகளைப் பாத்து எதிர் வீட்டுக்காரவுக வந்தாக. இப்ப ஊர்ப் பொம்பளைகம்புட்டும் புளியை எடுத்துக்கிட்டு அங்க வந்து உக்காந்து கொட்டை எடுக்குதுக. கதை இன்னும் முடியல. அவ என்னையவே விரட்டுறா, மாமா, நீங்க போயிச் சாவியை மட்டும் வாங்கிட்டு வாங்கன்னு. புத்தகத்தை எடுத்தா சோறு கிடையாதுன்னுட்டா."

பழனிக்காரர் தொண்டையைக் கனைத்தார். "கேட்டீங்களாங்க? எங்கியோ மாட்டுக் கொட்டத்துல கிடக்குது. இது தொலைஞ்ச கணக்குத்தானுங்க. பேசினபடி அலமாரியைக் கட்டச் சொல்லுங்க."

அப்போது நீங்கள் எழுந்தீர்கள். கோழி குறுக்கே வந்தால் அதற்கு வழிவிட்டு நிற்கிற மனுஷன் நீங்கள். யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. அன்றைக்குச் சொன்னீர்கள்.

"இல்லீங்க. தொலையலை. தொலைஞ்ச புத்தகத்தை யாரும் படிக்க மாட்டாங்க. இது ஆள்கிட்ட இருக்கு. படிக்கிற ஆள்கிட்ட இருக்கு. அதுக்குத்தான நீங்க கொடுத்தீங்க? தொலைஞ்சதுன்னு சொல்லணும்னா, அந்தப் பொண்ணு வாசிக்கிறதைக் காதால கேட்டுட்டு அப்புறம் சொல்லுங்க. நான் அலமாரியை நானே தூக்கிட்டு வாரேன்."

வார்த்தை ஒன்றுகூடப் பின்வாங்கவில்லை. பழனிக்காரர் மீசையைத் தடவிக்கொண்டார். "போகலாமுங்க" என்றார்.

நல்ல வியாபார நேரத்தில் நான் கடையைச் சாத்தியது அன்றைக்குத்தான். "நீ எதுக்கு?" என்றீர்கள். "விலாசம் இல்லாம எப்படிப் போவீங்க?" என்றேன். காது கொஞ்சம் சிவந்தது. அப்பாடா என்றிருந்தது.

கருப்பணன் வீட்டு மாட்டுக் கொட்டத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பல்லில் புளிக்கிறது. கொட்டம் நிறையப் பெண்கள். நடுவில் மலைபோல் புளி. கைகள் தம்பாட்டுக்கு ஓட்டை உடைத்துக் கொட்டையை எடுத்துக்கொண்டிருந்தன, கண்கள் எல்லாம் செல்லம்மா வாயில். ராணி கோட்டைக்குள் அடைபட்டிருக்கிறாள், வெளியே வர வழியில்லை என்கிற இடம். நாம் போய் நின்றதை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு கிழவர் மட்டும் பழனிக்காரரின் வேட்டியைப் பிடித்து இழுத்தார்: "ஏப்பா, உக்காரு. மறைக்குற."

அவர் உட்கார்ந்தார் அண்ணே! இஸ்திரி வேட்டியோடு, சாணித் தரையில். நாமும் உட்கார்ந்தோம். மாடு ஒன்று உங்கள் குடையை நக்கிக்கொண்டிருந்தது. கதையின் கடைசிப் பக்கம்வரை கேட்டோம். ராணி என்ன ஆனாள் என்று தெரிந்தபோது என் பக்கத்தில் இருந்தவள் புளிக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு, எரிச்சலில் இன்னும் அழுதாள்.

முடிந்ததும் எல்லாரும் உங்களைப் பிடித்துக்கொண்டார்கள். "இது கடைசிப் பாகமாம்ல? முதல்ல என்ன நடந்துச்சு? அந்தப் புத்தகம் எங்க?" மோரில் தொடங்கிக் குழம்புக்கு வந்திருக்கிறது ஒரு ஊரே. நீங்கள் சிரித்த சிரிப்பில் கண்ணாடி மூக்கிலிருந்து நழுவியது.

அந்தச் சந்தடியில்தான் பழனிக்காரர் உங்களை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். எனக்குக் கேட்காது என்று நினைத்துவிட்டார். எனக்கா கேட்காது?

"ஏனுங்க... ஒண்ணு கேக்கோணுமுங்க. ராணி அந்தக் கோட்டைக்குள்ளாற எப்படீங்க மாட்டுனா?"

நீங்கள் விழித்தீர்கள். "உங்களுக்குத் தெரியாதா?"

"அது அஞ்சாம் பாகத்துல இல்லீங்களா வரும்? அது உங்க பங்காச்சுங்களே. நான் ரெண்டு, நாலு, ஆறுதானுங்க படிச்சிருக்கேன். எத்தனை வருசமாச்சு, மண்டை காயுதுங்க."

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நானாக இருந்தால் அந்த நிமிஷமே கதையைக் கொட்டிவிட்டு, அதற்குப் பதிலாக நிபந்தனையைக் கிழித்துப்போடச் சொல்லியிருப்பேன். நீங்கள் அவர் தோளில் கை வைத்தீர்கள். "சொல்ல மாட்டேங்க. நாளைக்குப் பையில வரும். வாங்கிக்கிறீங்களா?"

அவர் தரையைப் பார்த்தார், மாட்டைப் பார்த்தார். "ஒண்ணு, மூணையும் சேத்து அனுப்பிப்போடுங்க. முதலாளிக்குச் சொல்ல வேண்டாமுங்க" என்றார். முதலாளியும் பிற்பாடு அதே பைக்குள் கையை விட்டார் என்பது தனிக் கதை.

அலமாரி அசையவில்லை. பைதான் பெருகியது. குஜிலியம்பாறைக்கு ஒன்று, சாணார்பட்டிக்கு ஒன்று. நிறத்தை மட்டும் மாற்றினோம். மஞ்சளைத் தவிர எந்தத் துணியும் ஆகும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். என் பழைய சீலைகளெல்லாம் அதில்தான் போயின.

போன ஐப்பசி மழையில் நீங்கள் மௌத்தானீர்கள். செய்தியை எந்தத் தபால்காரரும் கொண்டுபோகவில்லை. கண்டக்டர்கள்தான் கொண்டுபோனார்கள். மறுநாளிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வந்தவர்கள் வெறுங்கையோடு வரவில்லை. ஆளுக்கொரு புத்தகம். துண்டில் சுற்றி, இடுப்பில் செருகி, மழை படாமல் முந்தானைக்குள் வைத்து. செல்லம்மாவைக் கேட்டேன், எதுக்குடி இதெல்லாம் என்று. "பாய் போயிட்டாக. அவுக பொருளை நாம வச்சிருக்கலாமாக்கா? பாவம்ல?" என்றாள். ஊர் ஊராக அத்தனை பேரும் அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள். உங்கள் வீட்டு நடையில் குவியலாகச் சேர்ந்துவிட்டது. மதினி கண்ணீரோடு என்னைப் பார்த்து, "இதையெல்லாம் நான் என்ன செய்வேன்?" என்றார்கள்.

பழனிக்காரர் குவியலுக்கு முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். ஒவ்வொருவரையும் கூப்பிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "படிச்சு முடிச்சாச்சுங்களா?" இல்லை என்றவர்களிடம் அந்தப் புத்தகத்தையே திருப்பிக் கொடுத்தார். முடித்தேன் என்றவர்களுக்குக் குவியலிலிருந்து வேறொன்று கொடுத்தார். சாணார்பட்டிக்காரர் கொண்டுவந்தது குஜிலியம்பாறைக்குப் போனது, அங்கிருந்து வந்தது பழனிக்குப் போனது. சாயங்காலம் நடை காலி. மழையில் நனைந்த கோழிபோல் இருந்த மதினி முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வந்தது. நான் அழுதுகொண்டே சிரித்துத் தொலைத்தேன்.

கடைசியில் அவர் என்னைப் பார்த்தார். "நீங்க எடுத்துக்கலீங்களா?"

இத்தனை வருஷமும் எத்தனை பை என் கையால் போய் வந்திருக்கும்! ஒன்றையாவது பிரித்துப் படித்திருப்பேனா? எனக்கெதுக்கு என்று சொல்லிவிட்டு உங்களைக் கேலி செய்துகொண்டே காலத்தை ஓட்டிவிட்டேன். அவர் ஒன்றாம் பாகத்தை என் மடியில் வைத்துவிட்டுப் போனார்.

இப்போது நாலாம் பாகத்தில் இருக்கிறேன் அண்ணே. மாவு அரைத்து முடித்தபின், எழுத்தைக் கூட்டிக் கூட்டி ஒரு நாளைக்கு ஒரு பக்கம். சில நாள் அதுவும் இல்லை. இந்தக் கடிதத்தைக்கூட நான் சொல்லச் சொல்லக் கடைப் பையன்தான் எழுதுகிறான். நான் படிக்கிற அழகைப் பார்த்திருந்தால் பட்டதற்கெல்லாம் சேர்த்து என்னைக் கேலி செய்திருப்பீர்கள், வாய்ப்பை விட்டுவிட்டீர்கள். பழனிக்காரர் பஸ்ஸில் ஆள் விட்டுக் கேட்கிறார், முடிச்சாச்சுங்களா என்று. இல்லை என்று சொல்லி அனுப்புகிறேன். ராணி இன்னும் கோட்டைக்குள் போகவில்லை, குதிரையில் எங்கேயோ சிரித்துக்கொண்டு போய்க்கொண்டிருக்கிறாள். கடைசியில் அவளுக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டதுதானே. அதனால்தான் பக்கத்தை மெதுவாகத் திருப்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் விலாசம்